படித்தவற்றுள் நெஞ்சில் நின்றவை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதம் மன்றச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இம்முறை விழாவிலே நீங்கள் சமயச் சொற்பொழிவு செய்ய வேண்டாம். இத்தனை ஆண்டுகளாகப் பல நூல்களையும் படித்து வருகிறீர்கள். அவற்றுள் உங்களுக்கு மிகப் பிடித்த பகுதிகளைப் பற்றிச் சொல்லுங்கள், இளைஞர்கள் கேட்க விரும்புகிறார்கள்" என்றார். கேட்டவுடன் எனக்கு மகிழ்ச்சியும் உண்டாயிற்று, ஒரு கூச்சமும் உண்டாயிற்று. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல விருந்துண்டவன் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. கூச்சத்துக்குக் காரணம் வேறொன்று. அதை இவ்வுரையின் நடுவே சொல்லுவேன். அது என் பிழையோடு கூடிய கதையாதலால், சற்று நேரம் கழித்துச் சொல்ல எனக்கு இடந்தர வேண்டுகிறேன்.

படித்ததைப் பிறர்க்குச் சொல்லுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. நம் ஊர்க் கோயில்களிலே திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். "பயன்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பொருள் என்று சொல்லவில்லை, உரை என்று சொல்லவில்லை, பயன் என்றார்கள். படித்த பாட்டு, கேட்பவனுடைய வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவதே அந்தப் பெரியவர்களுடைய கருத்து. எழுத்தறியாத என் பாட்டியார் அந்தப் புராணத்தின் கதை முழுவதையும் அறிவார். குதிரை நரியான கதையிலே எந்த இடத்தில் பயன் சொல்பவர் நிறுத்துவார் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய நூலகம் கோயில் மண்டபந்தான்.

அவ்வாறு என் காதிலே முதலில் விழுந்து, பிறகு நான் நூலிலே தேடிப் படித்த பகுதியையே முதலிற் சொல்லுகிறேன். வைகாசி மாதத்திலே தம்பிலுவிலிலும் காரைதீவிலும் மற்றும் நம் பகுதிக் கண்ணகை அம்மன் ஆலயங்களிலும் கதவு திறந்து, சடங்கு நடந்து, குளிர்த்தி ஆகும். அந்நாட்களிலே கண்ணகி வழக்குரை படிக்கப்படும். பல காலம் ஏடுகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் இருந்த அந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பிக்க, 1968ஆம் ஆண்டிலே அச்சில் வந்தது. சிறு பையனாக இருந்தபோது, அம்மன் பாண்டியனிடம் வழக்குரைக்கும் இடம் வந்ததும் கூட்டம் அப்படியே அடங்கிப் போவதைப் பார்த்தேன். பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படித்தபோது, நான் எதிர்பாராத ஓர் இடம் என் நெஞ்சிலே தைத்தது. எல்லோரும் கண்ணகியின் சினத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ பாண்டியனே பெரியவனாகத் தோன்றினான்.

அரசியின் சிலம்பிலே இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம். கண்ட அந்தக் கணத்திலே பாண்டியன் வழக்காடவில்லை. அமைச்சர்மேற் பழி போடவில்லை. பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று தப்பிக்கவும் பார்க்கவில்லை. குற்றம் தன்னுடையது என்று தன் வாயாலே சொல்லி, அதைத் தாங்கமாட்டாமல் உயிரை விட்டான். எதிரே நின்றவள் யார்? படை இல்லாத, பணம் இல்லாத, வேற்று நாட்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கு முன்னாலே முடியுடைய அரசன் தன் பிழையை ஒப்புக்கொள்ளுகிறான். அதிகாரத்திலே இருக்கிறவர்கள் தம் பிழையை ஒப்புக்கொள்வதை நம்முடைய வாழ்நாளில் நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? அதனாலேதான் அந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு.

நிற்க. சிலப்பதிகாரம் என்றவுடன் நம் மண்ணின் பெரியார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அட்டாளைச்சேனையையும் நிந்தவூரையும் தாண்டினால் வருவது காரைதீவு. அங்கே 1892ஆம் ஆண்டிலே மயில்வாகனம் என்ற பெயரோடு பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவர் துறவி என்பதும், கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கியவர் என்பதும், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அவர் ஒரு பெரிய வாசகர். தாம் படித்து மகிழ்ந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடியாத வாசகர்.

ஷேக்ஸ்பியருடைய நாடகங்களை ஆங்கிலத்தில் ஆழ்ந்து படித்தார். படித்த இன்பத்தை ஆங்கிலம் அறியாத தமிழனும் பெற வேண்டும் என்று கருதி, 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணி என்ற நூலிலே பன்னிரண்டு நாடகங்களை எடுத்து விளக்கினார். சில பகுதிகளைத் தமிழாக்கியும் தந்தார். அந்தப் பகுதிக்கு அவர் இட்ட பெயர் எடுத்துக்காட்டியல். அதே நூலின் வேறு பகுதிகளிலே சிலப்பதிகார உரைகாட்டும் நாடக இலக்கணமும், வடமொழித் தசரூபகமும் வருகின்றன. ஒரே நூலிலே தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் ஒரு பந்தியில் இருந்து உண்ணுவதைக் காணலாம். ஆங்கிலவாணி என்ற கட்டுரையிலும் ஆங்கிலப் புலவர் சிலருடைய கவிதைகளைத் தமிழ்ச் செய்யுளாக்கி நமக்கு அறிமுகஞ் செய்தார். இன்று செயலாளர் என்னிடம் கேட்ட காரியத்தை, நமக்கு அயலூரிலே பிறந்த ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு பெரிய அளவிலே செய்து வைத்திருக்கிறார், பாருங்கள்!

இதனினும் வியப்பானது யாழ் நூலின் கதை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனுடைய அமைதி கூறும் ஒரு சிறு பகுதி உண்டு. நாங்கள் மாணவராக இருந்த காலத்திலே பரீட்சைக்கு வராது என்று அதை விட்டுவிட்டு மேலே போனோம். சுவாமியோ அந்தச் சில அடிகளிலே நின்றுவிட்டார். அங்கே சொல்லப்பட்ட யாழ் எப்படி இருந்தது, நரம்பு எப்படிக் கட்டினார்கள், இசை எப்படிப் பிறந்தது என்று கேட்டார். அவர் கற்ற விஞ்ஞானமும் கணிதமும் இதற்குத் துணையாயின. ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டிலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் சுவாமி உலக வாழ்வை நீத்தார். ஒரு நூலிலே ஒரு பகுதி நமக்குப் பிடித்திருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிடித்திருக்கிறது என்றால் என்ன என்று அவரிடமிருந்துதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக நான் எடுத்துக்கொள்வது டாக்டர் உ. வே. சாமிநாதையருடைய என் சரித்திரம். அதிலே எனக்கு மிக விருப்பமான இடம் 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நடந்த ஒரு சந்திப்பு. அப்போது ஐயர் கும்பகோணம் கல்லூரியிலே இளம் ஆசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணப் போகிறார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியலை ஒப்பிக்கிறார். முதலியார் முகத்திலே வியப்பு இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். ஐயர் படித்ததில்லை. அந்நூலை அவர் கண்டதுமில்லை.

இந்த இடத்திலே ஐயர் நினைத்திருந்தால் தம் பெருமையை எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தாம் தலைகுனிந்த கதையை உள்ளது உள்ளபடி எழுதி வைத்தார். அதன்பின் முதலியார் கொடுத்த பிரதியைப் படிக்கத் தொடங்கியபோது, அது சமண சமய நூலாதலால் பல இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. விசாரித்தபோது கும்பகோணத்துச் சமணர் வீடொன்றிலே சிந்தாமணி படனம் நடப்பதை அறிந்தார். அங்கே போனால், வீடு திருவிழாப் போல அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. என்ன விசேடம் என்று கேட்க, சிந்தாமணியைப் படித்துப் பூர்த்தி செய்தோம் என்கிறார்கள். தமிழ்ப் புலவர் பலர் மறந்துவிட்ட ஒரு பெருங்காப்பியம், சில வணிகர் வீடுகளிலே ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்க, உயிரோடு இருந்திருக்கிறது! சைவராகிய ஐயர் அந்தச் சமணர்களிடம் இருந்து பொருள் கேட்டுக்கொண்டார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது. அதே ஆண்டில்தான் ஈழத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்பதையும் நாம் பெருமையோடு நினைவு கூரலாம்.

ஏடு ஒன்றாலே மட்டும் சிந்தாமணி பிழைக்கவில்லை என்பதே இதிலே நான் கண்ட பயன். ஏட்டைச் செல் அரிக்கும். அதைப் படித்துச் சொல்லுகிற வாயும், கேட்கிற காதும் இருந்தபடியால், ஐயர் தேடி வந்த நாளிலே பொருள் சொல்ல ஆள் இருந்தது.

நான்காவது பகுதி காந்தியடிகளின் சத்திய சோதனையிலே வருவது. 1904ஆம் ஆண்டு. தென்னாபிரிக்காவிலே ஜொகன்னஸ்பேர்க் நகரிலிருந்து டர்பனுக்கு இருபத்துநான்கு மணி நேர ரயிற் பயணம். போலாக் என்ற நண்பர் ரயில் நிலையத்திலே, வழியிலே படியுங்கள் என்று ஒரு சிறு நூலைக் கொடுக்கிறார். ஜோன் ரஸ்கின் எழுதிய நூல். எடுத்த நூலைக் காந்தியடிகள் கீழே வைக்கவில்லை. டர்பன் சேர்ந்த அன்றிரவு அவருக்கு உறக்கமும் வரவில்லை. அந்த நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை மூன்று. எல்லோருடைய நலத்திலேதான் ஒருவனுடைய நலம் அடங்கியிருக்கிறது என்பது ஒன்று. சட்டத்தரணியின் தொழிலுக்கும் முடிதிருத்துவோரின் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே என்பது இரண்டு. மண்ணை உழுபவனும் கைத்தொழில் செய்பவனும் வாழும் உழைப்பு வாழ்க்கையே வாழத்தக்க வாழ்க்கை என்பது மூன்று. முதலாவது தமக்கு முன்பே தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரியும், மூன்றாவது தம் எண்ணத்திலே தோன்றியதே இல்லை என்று அடிகள் ஒளிக்காமல் எழுதுகிறார். எழுதியதோடு விட்டாரா? டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் பண்ணையை அமைத்துத் தம் பத்திரிகையின் அச்சகத்தை அங்கே கொண்டு சென்றார். பின்பு 1908இல் அந்நூலைக் குஜராத்தி மொழியிலே சுருக்கித் தந்து, அதற்குச் சர்வோதயம் என்று பெயரிட்டார்.

வேளாண்மை செய்யும் ஊரிலே பிறந்த எனக்கு அந்த மூன்றாவது கருத்து எவ்வளவு இனித்திருக்கும்! என் தகப்பனார் வட்டையிலே காவலிருந்த பரணும், அவருடைய காலிலே ஒட்டியிருந்த சேறும், படித்தவனாகிவிட்ட எனக்குச் சில காலம் வெட்கமாக இருந்தன. அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் என்னுடைய வெட்கத்தை எண்ணி வெட்கப்பட்டேன்.

இனி, முதலிலே சொன்ன அந்தக் கதைக்கு வருகிறேன்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, 1960ஆம் ஆண்டளவில், என் தமிழாசிரியர் ஒரு கொப்பியைத் தந்து, "தம்பி, நீ படிக்கிறவற்றிலே உன் மனத்தைத் தொட்டதை இதிலே எழுதி வை" என்றார். எழுதத் தொடங்கினேன். நாவலா, புராணமா, பத்திரிகைக் கட்டுரையா, மொழிபெயர்ப்பா என்று பாராமல், பிடித்ததை ஊற்றுப்பேனாவாலே அழகாக எழுதி வந்தேன். நான் ஆசிரியனான பிறகு கொப்பி மூன்றாயிற்று. அவற்றின்மேல் எனக்குப் பெரிய பற்று வந்துவிட்டது. பற்று என்று சொல்லுகிறேன், உண்மையிலே அது செருக்கு. ஒரு றங்குப்பெட்டியிலே வைத்துப் பூட்டினேன். மேடையிலே பேச வேண்டியபோது அதிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி, கேட்டவர்கள் வியப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். 1978ஆம் ஆண்டிலே ஒரு மாணவன் வந்து, "சேர், உங்கட அந்தக் கொப்பியை ரெண்டு நாளைக்குத் தருவீங்களா? பார்த்து எழுதிட்டுத் தாறன்" என்று கேட்டான். ஊத்தையாக்கிப் போடுவாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமற் போனான்.

அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி வந்தது. இங்கே இருக்கும் முதியவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. உயிர் தப்பினால் போதும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடினோம். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், றங்குப்பெட்டியிலே தண்ணீர் நிறைந்திருந்தது. கொப்பிகளை எடுத்தேன். ஊற்றுப்பேனா மையாதலால் எழுத்தெல்லாம் கரைந்து ஒரே நீலமாக இருந்தது. ஒரு வரிகூட மிஞ்சவில்லை. பதினெட்டு ஆண்டுகள்!

அந்தப் பாடசாலையிலே பல குடும்பங்கள் தங்கியிருந்தோம். விளக்கில்லை. பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள். அப்போது நம் ஊர் விவசாயி ஒருவர், பாடசாலைப் படிப்பு அதிகம் இல்லாதவர், இருட்டிலே என்னைப் பெயர் சொல்லாமல் அழைத்தார்: "மாஸ்டர், அண்டைக்கு வாடியில வச்சிச் சொன்னீங்களே, அந்த மான்ட கதை. அதப் புள்ளைகளுக்குச் சொல்லுங்க."

அது என்ன கதை என்று கேட்பீர்கள். அக்கரைப்பற்றிலே என்னோடு கற்பித்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். மாலை வேளைகளிலே அவர் எனக்குச் சீறாப்புராணம் படித்துச் சொல்லுவார், நான் அவருக்குப் பெரியபுராணம் சொல்லுவேன். உமறுப் புலவர் பாடிய சீறாவிலே மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. வேடன் வலையிலே ஒரு பெண்மான் அகப்பட்டுவிடுகிறது. அவ்வழியே வந்த நபி பெருமானிடம், பாலுக்கு ஏங்கியிருக்கும் என் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று அது இறைஞ்சுகிறது. அதன் வார்த்தைக்குத் தாமே பிணையாக அவர் நிற்கிறார். காட்டுக்குப் போன மான் திரும்பி வருமா என்று வேடனுக்கு நம்பிக்கையில்லை. மற்ற மான்களும் போகாதே என்று தடுக்கின்றன. தனக்காகப் பிணை நின்றவரை மறக்கலாகாது என்று மான் திரும்பி வருகிறது. அதைக் கண்டு வேடனின் மனம் மாறுகிறது. இந்தக் கதையை அறுவடைக் காலத்திலே ஒருநாள் வாடியிலே இருந்து நான் சொல்லியிருந்தேன். சொன்னதை நானே மறந்துவிட்டேன்.

அன்றிரவு பிள்ளைகளுக்குச் சொன்னேன். மான் திரும்பி வந்தது என்ற இடத்திலே அந்த விவசாயி இடைமறித்தார். "தாய் தனிய வரல்ல மாஸ்டர். குட்டியும் கூட வந்த. அத விட்டுட்டீங்க" என்றார். ஆம், விட்டுவிட்டேன்! கன்றும் தாயோடு வந்தது என்பதே அந்தப் படலத்தின் உருக்கமான இடம். நான் கொப்பியிலே எழுதி, பெட்டியிலே பூட்டி, தண்ணீருக்குக் கொடுத்ததை, அவர் ஒருமுறை காதாலே கேட்டு நெஞ்சிலே வைத்திருந்தார். எனக்குத் திருப்பித் தந்தவரும் அவரே.

அதன்பின் புதிய கொப்பி ஒன்று வாங்கினேன். இழந்தவற்றை நினைவு கூர்ந்து எழுத முயன்றேன். வகுப்பிலும், வாடியிலும், கோயில் வீதியிலும், நண்பர் வீட்டுத் திண்ணையிலும் யாரிடமாவது சொல்லி வைத்தவை ஒவ்வொன்றாக வந்தன. சிலவற்றை நானே நினைவு கூர்ந்தேன், சிலவற்றைக் கேட்டவர்கள் எடுத்துத் தந்தார்கள். மேடைக்கென்று மறைத்து வைத்தவை பெரும்பாலும் வரவே இல்லை. எந்த நூல், எந்தப் பக்கம் என்றுகூட நினைவில்லாமல் அவை போய்விட்டன. அந்த மாணவன் கொண்டுபோய்ப் பார்த்தெழுதியிருந்தானாகில், எனக்கு ஒரு பிரதி இருந்திருக்கும். அவனுக்கும் பயன்பட்டிருக்கும். பின்பு அவன் என்னைப் பல தடவை கண்டான், மரியாதையோடு வணக்கம் சொன்னான், ஒரு நூலும் கேட்கவில்லை. அதுவே இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது. "உங்களுக்குப் பிடித்த பகுதிகளைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது நான் கூசியதன் காரணம் இதுதான்.

அந்த மான் கதையைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1980களிலும் 1990களிலும் அடுத்தடுத்து வாழ்ந்த நம் இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த நாட்கள் வந்தன. அந்த நாட்களிலே யாருக்காக யார் பிணை நிற்பார் என்ற கேள்வி கதையாக இருக்கவில்லை. என் முஸ்லிம் நண்பரை நினைக்குந்தோறும் அந்தப் படலமே நினைவுக்கு வந்தது. ஒருவருடைய நூலை அன்போடு படித்தவனுக்கு அவரைப் பகைப்பது எளிதாக இராது. ஆகையால் இளைஞர்களே, நம்முடைய நூல்களைப் படியுங்கள், அதனோடு நில்லாதீர்கள். 1885இல் வெளிவந்து, ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படும் சித்திலெப்பையின் அசன்பேயுடைய சரித்திரத்தையும் படியுங்கள்.

நூல்கள் அழியும் என்பதை நம் நாடு நன்றாக அறியும். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடல், நம் கரையோரத்திலே எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்தின் முன்னே புத்தகத்தைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் வீட்டு அலுமாரிகளிலே இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் அதனோடு போயின என்பதையும் மறக்க முடியாது. காற்றும் தீயும் கடலும் புத்தகத்தைக் கொண்டுபோகும்போது, நெஞ்சிலே பகிர்ந்து வைத்ததே எஞ்சும்.

இக்காலத்திலே பகிர்வதற்குக் குறைவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உங்கள் கைத்தொலைபேசியிலே காலையில் கண் விழிக்குமுன் பத்துப் பொன்மொழிகள் வந்து நிற்கின்றன. எனக்கும் வருகின்றன. சுவாமி விவேகானந்தர் சொன்னார், அப்துல் கலாம் சொன்னார் என்று போட்டிருக்கும். எந்த நூலிலே, எந்தச் சொற்பொழிவிலே சொன்னார் என்று கேட்டால் அனுப்பியவருக்குத் தெரியாது. அவர் அதை இரண்டாம் முறை படித்திருக்கவும் மாட்டார். இதை நான் பழிக்கவில்லை. படிப்பவர் இருக்கிறார், பயன் சொல்பவர் இல்லை என்றே சொல்லுகிறேன்.

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதந்தோறும் பூரணை விடுமுறை நாளிலே, மாலைப் பூசை முடிந்தபின், ஒரு மணி நேரம் கூடுங்கள். மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், தாம் படித்தவற்றிலே ஒரு பகுதியைக் கொண்டு வரட்டும். ஒருவர் இளைஞராகவும், ஒருவர் முதியவராகவும், ஒருவர் பெண்மணியாகவும் இருத்தல் நன்று. நாலு விதி போதும். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பிழையின்றிச் சொல்ல வேண்டும். பகுதியை முழுதாகப் படிக்க வேண்டும், தமக்கு வசதியான இடத்திலே வெட்டக்கூடாது. அதன் பயனைத் தம் சொந்தச் சொல்லிலே, தம் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலாவது, கேட்பவர் யாராயினும் இடைமறித்துத் திருத்த உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாதிருந்தால் என் கதையிலே கன்று வந்திராது.

கொண்டு வரும் பகுதி பெரிய இலக்கியமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. வேளாண்மைக் குறிப்பாக இருக்கட்டும், விஞ்ஞானக் கட்டுரையாக இருக்கட்டும், தூர தேசத்திலே வேலை செய்யும் பிள்ளை தாய்க்கு எழுதிய கடிதமாகவும் இருக்கட்டும். மனத்தைத் தொட்டதாக இருந்தாற் போதும். எழுத்தறியாத முதியவர் வாய்மொழியாக அறிந்த பாட்டொன்றைச் சொன்னால், அதை ஓர் இளைஞர் எழுதி வைக்கட்டும். அப்படிச் சேர்ந்தவற்றை அடுத்த ஆண்டு மலரிலே அச்சிடலாம். மலர் போனாலும், கேட்டவர்கள் இருப்பார்கள்.

என்னிடம் இப்போது இருக்கும் கொப்பியை இன்று கொண்டு வந்திருக்கிறேன். இதை மன்றத்தின் கையிலே ஒப்படைக்கிறேன். பூட்டி வைக்க வேண்டாம். கேட்ட பிள்ளைக்குக் கொடுங்கள், ஊத்தையானாலும் பரவாயில்லை.